மந்திரி உட்கார்ந்த தராசு

மானிகெரே வட்டத்தில் இனிமேல் சிவப்புக் குழந்தையே கிடையாது என்று அரசாங்கம் அறிவித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்றைக்குத்தான் ஈரம்மா தன் மகளைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ்ஸிலிருந்து சிக்கஹொன்னியில் இறங்கினாள். நேரம் காலம் பார்த்து வரத் தெரியாதவள் என்று பிற்பாடு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் அவளைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

சிவப்பு என்றால் குழந்தையின் நிறம் இல்லை. அங்கன்வாடிச் சுவரில் ஓர் அட்டை தொங்கும். வயதுக்கேற்ற எடை இருந்தால் குழந்தையின் புள்ளி பச்சையில் விழும். கொஞ்சம் குறைந்தால் மஞ்சள். உயிருக்கு ஆபத்து என்கிற அளவுக்குக் குறைந்தால் சிவப்பு. பதினாறு வருஷமாக அந்தப் புள்ளிகளை வைத்து வருகிறவள் அங்கன்வாடி டீச்சர் சரணம்மா. அதிகம் பேச மாட்டாள். மேலிடத்திலிருந்து வருகிற தாளை இரண்டு முறை படித்து, அதில் சொன்னதை அப்படியே செய்வாள். அவளுக்கு வந்த தொல்லை அத்தனையும் இந்தக் குணத்தால் வந்ததுதான்.

"என்னடி ஈரி, தோள்ல துணியப் போட்டுட்டு வந்து நிக்கிறே?" என்றாள் சரணம்மா.

"துணி இல்ல டீச்சரக்கா. ஹுலிகி."

சரணம்மா துணியை விலக்கிப் பார்த்தாள். உள்ளே ஹுலிகெம்மா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள். ஊரில் மழை இல்லாமல் போய் ஈரம்மாவும் புருஷனும் கட்டட வேலைக்குக் கிளம்பியபோது இந்தப் பெண் தளிர்நடை நடந்து, அங்கன்வாடி மணியை இழுத்து அடித்துவிட்டு ஓடியவள். எட்டு மாதம் ஆகிறது. வருகிற உகாதிக்கு இரண்டு வயது. இப்போது உட்காரவே யாராவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அழவே மாட்டேங்குறா அக்கா. மேஸ்திரி பொண்டாட்டிகூட சொன்னா, எவ்ளோ நல்ல கொழந்த, சத்தமே இல்லன்னு" என்றாள் ஈரம்மா. சரணம்மா தராசை இழுத்து வைத்தாள். அழாத குழந்தைகள் எப்படி முடிவார்கள் என்று இந்தப் பதினாறு வருஷத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறாள்.

நிறுத்தாள். ஆறு கிலோ நானூறு. போனபோது ஏழு கிலோ தொள்ளாயிரம் இருந்தவள்.

அரசாங்கம் கொடுத்திருந்த கைபேசியில் எடையைப் பதிந்தாள். 'எடை தவறு. குழந்தைகள் வளரும். மறுபடி நிறுக்கவும்' என்றது கைபேசி. மறுபடி நிறுத்தாள். அதே ஆறு நானூறு. மூன்றாம் தடவையும் அதுவே வர, கைபேசி சிறிது நேரம் யோசித்துவிட்டு, 'உங்கள் வட்டத்தில் இந்த நிறம் இல்லை' என்று தெரிவித்து அணைந்துகொண்டது.

மாவட்ட ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே ஒரு வார்டு இருந்தது. பதினாலு நாள் படுக்கை, பால், மருந்து, தாய்க்கும் சாப்பாடு. பத்துப் பிள்ளை போனால் ஒன்பது பிள்ளை எழுந்து நடந்து வரும். அங்கே சேர்க்க ஒரு சிவப்புச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். சீட்டை அச்சடித்துத் தர வேண்டியது கைபேசி.

சரணம்மா மேற்பார்வையாளர் சுலோச்சனா பாட்டீலைக் கூப்பிட்டாள். அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, முதலில் அட்டையைப் பார்த்தார், பிறகு கைபேசியைப் பார்த்தார், கடைசியாகக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது.

"சரணம்மா, நீ எடையப் பாக்குறே. நான் அதுக்குப் பின்னாடி வர்றதப் பாக்கணும். வெறும் உடம்போடயா நிறுத்தே?"

"தாள்ல அப்படித்தானே மேடம் போட்டிருக்கு."

"தாள்ல குளிர்காலம்னு போட்டிருக்கா? ஸ்வெட்டர் போடு."

ஸ்வெட்டர் போட்டார்கள். தொப்பி வைத்தார்கள். ஈரம்மாவின் வெள்ளிக் கொலுசை இடுப்பில் சுற்றினார்கள். ஏழு கிலோ நூறு வந்தது. சுலோச்சனாவுக்கு முகம் மலர்ந்தது. "இன்னும் அரைக் கிலோதான். தண்ணி குடுங்க" என்றார். குடித்த தண்ணீரைக் குழந்தை உடனே கக்கிவிட்டது. ஸ்வெட்டரும் நனைந்ததால் அதையும் கழற்ற வேண்டியிருந்தது. அரசாங்க வேலையில் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது புதிதில்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மறுநாள் சரணம்மா, தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சீட்டு இல்லாமலே பஸ் ஏறினாள். வார்டில் நர்ஸ் பெண் பரிதாபப்பட்டாள்.

"அக்கா, எந்த வட்டம்னு சொன்னீங்க? மானிகெரேவா? உங்க வட்டத்துக்குன்னு இருந்த ரெண்டு படுக்கையையும் போன வாரமே எடுத்துட்டாங்களே. சிவப்பு இல்லன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க."

"நான் எழுதிக் குடுக்கலம்மா."

"உங்க ஆபீஸ் குடுத்தது. சீட்டு கொண்டாங்க, நான் தரையில பாய் போட்டாவது சேத்துக்கிறேன். சீட்டு இல்லாம சேத்தா மருந்து எடுக்க முடியாது."

திரும்பி வருகிற வழியில் மானிகெரே பஸ் நிலையத்துக்கு வெளியே புதிதாக எழுப்பிய வளைவைக் கடந்தார்கள். 'சிவப்பில்லா வட்டம் உங்களை வரவேற்கிறது' என்று பச்சை எழுத்தில் இருந்தது. ஈரம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "எதுக்கு டீச்சரக்கா இந்த வளைவு, திருவிழாவா?" என்று கேட்டாள். சரணம்மா ஆமாம் என்றாள்.

இரண்டு நாளில் சிக்கஹொன்னிக்குத் தராசு சரிபார்ப்புக் குழு வந்தது. நாலு பேர், ஒரு ஜீப், முத்திரை குத்திய ஒரு கிலோ படிக்கல். குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. படிக்கல்லைத் தராசில் வைத்தார்கள். ஒரு கிலோ காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். ஒரு கிலோ. குழுத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அப்போ கோளாறு கல்லுலதான் இருக்கு" என்றார்.

கல் பெங்களூருக்குப் பரிசோதனைக்குப் போனது. முடிவு வரும்வரை தராசைத் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் பூட்டினார்கள். அதோடு, வட்டத்தில் மற்ற அங்கன்வாடித் தராசுகளும் இதே கம்பெனித் தராசுகள் என்பதால் எல்லாவற்றையும் பூட்டச் சொல்லி அன்று மாலையே உத்தரவு பறந்தது. நிறுக்கப்படாத குழந்தையை எடை குறைந்த குழந்தை என்று யாராலும் சொல்ல முடியாது அல்லவா. அந்த வாரம் வட்டத்தின் பச்சை விழுக்காடு இன்னும் ஏறியது.

சரணம்மாவைத் திட்ட அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அங்கே வீரபத்ரய்யா ஹிரேமட் திட்ட அதிகாரியாக இருந்தார். நெற்றி நிறைய விபூதி, மேஜை நிறைய கேடயங்கள். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மரியாதையான மனிதர்.

"பாருங்கம்மா, நான் இந்தத் துறையில இருபத்தாறு வருஷம். ஆயிரக்கணக்கான பட்டியல்ல கையெழுத்துப் போட்டிருக்கேன். இதுல ஒரு கொழந்தையக்கூட நான் நேர்ல பாத்தது இல்ல. ஏன்? பாத்தா மனசு இளகும். மனசு இளகினா நடுநிலை போயிடும்."

"சாகேப், அந்தப் புள்ள உட்கார முடியாம கெடக்குது."

"கெடக்கட்டும், நான் மறுக்கல. ஆனா அந்த எடை எங்க கொறஞ்சது? பெங்களூர்ல. ஒன்றரைக் கிலோ அவங்க ஊர்ல போச்சு. அத எங்க வட்டத்து தலைல கட்டினா நியாயமா? எடை எங்க எறங்குச்சோ அங்கதான் பதிவாகணும். அந்த அம்மாவ திரும்பிப் போய், அங்க ஒரு எடை மாற்றுச் சான்று வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

"அது யார்கிட்ட சாகேப் கேக்கணும்?"

"அப்படி ஒண்ணு இன்னும் இல்ல. நாம கேட்டாத்தானே அவங்க உண்டாக்குவாங்க." அவர் டீயை உறிஞ்சினார். "உங்களுக்கு ஒரு வழி சொல்றேன். நான் கல் மனசுக்காரன் இல்ல. இந்த வட்டத்துல முத்திரை போட்ட ஏதாவது ஒரு தராசுல நிறுத்து, நாலு பேர் முன்னால அதே எடை வந்தா, நானே கையெழுத்துப் போடுறேன்."

வட்டத்தில் அத்தனை அங்கன்வாடித் தராசும் பூட்டிக் கிடக்கிறதே என்று சரணம்மா நினைத்தாள். அவர் சொன்னதை இரண்டு முறை மனதில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இதற்கிடையில் மானிகெரே வேறொரு தராசைத் தயார் செய்துகொண்டிருந்தது. சிவப்பை ஒழித்த சாதனைக்காக மந்திரிக்குத் துலாபாரம். அந்தப் பக்கம் தலைவர்களை லட்டுக்கு எதிராகவும் ஆப்பிளுக்கு எதிராகவும் உட்கார வைத்து நிறுப்பது வழக்கம்தான். இந்தத் தடவை பொருத்தமாக இருக்கட்டும் என்று சத்துமாவுப் பாக்கெட்டுகளை வைப்பதென்று முடிவாகியது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு கிலோ. அங்கன்வாடிகளிலிருந்து 'தாமாக முன்வந்து' எத்தனை தர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

பருத்தி மண்டியின் பெரிய தராசை மைதானத்துக்குக் கொண்டுவந்து மஞ்சள் பூசி, ஒரு தட்டில் வெல்வெட் நாற்காலியை வைத்துக் கட்டினார்கள். மற்ற தட்டில் அதற்கு ஈடாக இரும்புக் கட்டி. எதிர்க்கட்சிக்காரன் நாளைக்கு ஏதாவது கேட்பான் என்று, அந்தத் தராசுக்கு மட்டும் அளவைத் துறையை வரவழைத்து முத்திரையும் குத்தினார்கள். ஒத்திகைக்கு மந்திரி வர முடியாது. எனவே அவருடைய உடல்வாகு உள்ள அரசு ஊழியரைத் தேடி, கடைசியில் கால்நடை மருத்துவரை 'ஒத்த எடை அலுவலர்' என்று எழுத்து மூலம் நியமித்தார்கள். மூன்று நாள் அவர் மாலையும் தலைப்பாகையுமாக நாற்காலியில் ஏறி இறங்கினார். மாடுகள் காத்திருந்தன. தொண்ணூற்றாறு பாக்கெட் என்று தீர்மானமாயிற்று.

விழா அன்று தொண்ணூற்றாறும் அடுக்கிய பிறகும் மந்திரியின் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. கூட்டம் கையைத் தட்டியது. ஹிரேமட்டின் விபூதி வியர்வையில் கரைந்தது. பக்கத்தில் இருந்த அங்கன்வாடிக்கு ஜீப்பை விரட்டினார். பக்கத்தில் இருந்தது சிக்கஹொன்னி.

சரணம்மா அப்போதுதான் சத்துமாவைக் கரைத்து ஹுலிகியின் வாயில் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அந்தப் பிள்ளை அதை மட்டும் கக்காமல் விழுங்கியது. "பன்னெண்டு பாக்கெட் எடும்மா, மந்திரி அந்தரத்துல நிக்கிறாரு" என்றான் டிரைவர்.

"அந்தரத்துலயா?"

"தரையிலதான் நிக்கிறாரு. அதான் பிரச்சனை."

அலமாரியில் பன்னிரண்டுதான் இருந்தன. அள்ளிக்கொண்டான். காலி அலமாரியைப் பார்த்தபோது சரணம்மாவுக்கு அழுகை வரவில்லை, ஒரு யோசனை வந்தது. முத்திரை போட்ட தராசு. நாலு பேர் முன்னால். அதிகாரி சொன்னது சொன்னபடி. "ஈரி, புள்ளையத் தூக்கு" என்றாள். மூவரும் அதே ஜீப்பில் பாக்கெட்டுகளோடு ஏறிக்கொண்டார்கள்.

பன்னிரண்டும் ஏறியதும் தட்டுகள் சமமாயின. நாதஸ்வரம் முழங்கியது. மந்திரி நாற்காலியில் ஆடியபடியே மைக்கை வாங்கினார்.

"நூத்தி எட்டு. என் எடையப் பாத்து சில பேர் சிரிக்கிறாங்க. இது நான் தின்னு வந்த எடை இல்ல. ஜனங்க வச்ச அன்பு. போன தேர்தலப்போ எண்பத்தொண்ணு இருந்தேன். அஞ்சு வருஷத்துல இந்த வட்டம் எவ்வளவு வளந்திருக்குன்னு என்னைப் பாத்தாலே தெரியும்."

மந்திரி இறங்கியதும் சரணம்மா மேடை ஓரத்தில் போய் நின்றாள். "சாகேப், இந்தத் தராசுல இந்தப் புள்ளைய ஒரு தடவ நிறுக்கணும்" என்றாள். குரல் மைக்கில் விழுந்துவிட்டது. கேமராக்கள் திரும்பின. கேமரா திரும்பிய பக்கம் பார்த்துச் சிரிப்பது மந்திரிக்குப் பழக்கம். "கொழந்தையா? வைம்மா, வை. என் நாற்காலியிலயே வை" என்றார்.

ஈரம்மா மேடைப் படியில் ஏறி மகளை வெல்வெட் நாற்காலியில் சாய்த்து வைத்தாள். எதிர்த்தட்டு நூற்றெட்டுப் பாக்கெட்டோடு தரையில் இருந்தது. ஹுலிகி இருந்த தட்டு ஆள் உயரத்தில் தொங்கியது. ஈரம்மா எட்டி நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டாள். மண்டித் தராசுக்காரர் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஐம்பது இறங்கியது. எண்பது இறங்கியது. நூறு இறங்கியது. தட்டு அசையவில்லை. முதலில் சிரித்த கூட்டம் தொண்ணூறுக்குப் பிறகு சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நூற்றிரண்டாவது பாக்கெட் இறங்கியபோதுதான் தட்டு மெல்லக் கீழே வந்தது. தராசுக்காரர் ஈரம்மாவைக் கையை எடுக்கச் சொல்லி, மீதி ஆறு பாக்கெட்டோடு சின்னக் கற்களைப் போட்டு நிறுத்தார்.

"ஆறு கிலோ நானூறு" என்றார் அவர். எதையும் கூட்டியோ குறைத்தோ சொல்லிப் பழகாதவர்.

ஹிரேமட் வாயைத் திறந்தார். தராசில் கோளாறு என்று சொல்ல வந்தவர், அதே தராசில் இப்போதுதான் யார் உட்கார்ந்து எழுந்தார் என்பது நினைவு வந்து வாயை மூடினார்.

"நல்ல எடைதானே, ஹிரேமட்?" என்றார் மந்திரி.

அதிகாரிக்கு இருபத்தாறு வருஷ அனுபவம் கைகொடுத்தது. "அருமையான எடை சார். நாலு மாசக் கொழந்தைக்கு இதுக்கு மேல எதிர்பாக்க முடியாது."

கைத்தட்டல் எழுந்தது. ஈரம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். "சாகேப், இவளுக்கு வர்ற உகாதிக்கு ரெண்டு வயசு."

"பிறப்புச் சான்று இருக்கா?"

"இதுக்கு முந்தி போன வேலையில, ஜல்லி கொட்டுற கொட்டகையில பெத்தேன். அங்க யாரு சாகேப் சான்று குடுப்பா?"

"ரிஜிஸ்தர்ல எட்டு மாசத்துக்கு முந்தியே ஏழு தொள்ளாயிரம்னு எழுதியிருக்கு சாகேப்" என்றாள் சரணம்மா.

"அது உங்க கையெழுத்து. தப்பு உங்களோடது." அவர் மந்திரி பக்கம் திரும்பினார். "எடை பொய் சொல்லாது சார். வயசுதான் சில சமயம் மாத்தி எழுதிடுறாங்க."

அங்கேயே பச்சை அட்டை எழுதினார்கள். வயது: நான்கு மாதம். நிறம்: பச்சை. மந்திரி தன் கையால் கொடுத்தார், படம் எடுத்தார்கள். இறக்கிய பாக்கெட்டுகளில் ஒன்று கிழிந்து, இடுப்பு உயர அடுக்கின் மேல் மாவு சிந்தியிருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே ஹுலிகி தாயின் இடுப்பிலிருந்து கையை நீட்டி, அதில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். எட்டு நாளில் அவள் தானாகச் செய்த முதல் காரியம் அதுதான்.

ஹிரேமட் பதறிப்போய்க் குழந்தையின் விரலைப் பிரித்து மாவைத் தட்டிவிட்டார். "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதும்மா. சுவர்லயெல்லாம் எழுதிப் போட்டிருக்கோமே. யார் பழக்கினது இத?" அவர் சரணம்மாவைப் பார்த்தார்.

அன்று மாலையே சத்துமாவுப் பட்டியலிலிருந்து ஹுலிகெம்மாவின் பெயர் அடிக்கப்பட்டது. பட்டியலில் சேர இன்னும் இரண்டு மாதம் வயது பற்றவில்லை. நூற்றெட்டுப் பாக்கெட்டும் மந்திரியின் நினைவாகத் திட்ட அலுவலகத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கப்பட்டன.

சரணம்மா வீட்டில் முட்டை இருந்தது. வேர்க்கடலையும் வெல்லமும் இருந்தன. பாதி ரொட்டியைப் பாலில் ஊறவைத்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை, ஒரு கரண்டி. ஒவ்வொரு கரண்டிக்கும் அவளுக்குப் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய பிள்ளையை அடுப்பங்கரையில் வைத்துப் பார்க்கிறோம், ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். மேற்பார்வையாளர் சுலோச்சனா ஒரு நாள் ஸ்கூட்டரை நிறுத்தாமலே ஒரு பால்பவுடர் டப்பாவை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவர் வந்ததாக எங்கும் பதிவில்லை. ஒன்பதாம் நாள் சாந்த்சாபின் மளிகைக் கடையில், முத்திரையே பார்த்திராத வெங்காயத் தராசில் துணி விரித்து ஹுலிகியை வைத்தார்கள். ஆறு கிலோ அறுநூறு. சாந்த்சாப் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "எறங்கலக்கா. ஏறுது" என்றான். கடையிலேயே உட்கார்ந்து ஈரம்மா அழுதாள்.

பத்தாம் நாள் தாள் வந்தது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறு உணவு கொடுத்துப் பழக்கியதும், இன்றுவரை கொடுத்து வருவதும் ஏன் என்பதற்கு மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தராவிட்டால் வேலை நீக்கம் செய்யப்படும் என்றிருந்தது. சரணம்மா இரண்டு முறை படித்தாள். தாளில் கேட்டதற்கு அப்படியே பதில் எழுதுவதுதான் அவள் வழக்கம். ஹுலிகி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று, "அவ்வா, ரொட்டி" என்று முந்தானையை இழுத்தாள். சரணம்மா ஒரு துண்டைக் கிள்ளிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதினாள்:

'ஐயா, மேற்படி நான்கு மாதக் குழந்தை என்னிடம் ரொட்டி கேட்டது. கொடுத்தேன். இதை எழுதும்போதும் கேட்டது.'